தகரத்தைத் தூக்கி நிறுத்திய பள்ளிக்கூடம்

நம் காலத்துக் கட்டடக் கலைஞர்கள் – வரலாற்றுத் தொடர், பகுதி 12

சென்ற வாரம் ஃபிரான்சிஸ் கெரேயின் இளமைக் காலத்தைப் பார்த்தோம். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில், கான்டோ என்ற சிற்றூரில் 1965இல் பிறந்தவர். ஊர்த் தலைவரின் மூத்த மகன். உள்ளூரில் பள்ளிக்கூடம் இல்லாததால் ஏழு வயதிலேயே வீட்டைப் பிரிந்து டெங்கோடோகோ நகரத்துக்குப் போனார். அங்கே ஒரே அறையில் நூறு பிள்ளைகளுக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்து படித்தார். 1985இல் தச்சுத் தொழில் பயிற்சிக்கான உதவித்தொகை அவரை ஜெர்மனிக்குக் கொண்டுபோனது. பகலெல்லாம் வேலை, இரவில் பள்ளிப் பாடம். பத்து வருடங்கள் கழித்து, முப்பது வயதில், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை மாணவராகச் சேர்ந்தார்.

அவர் வகுப்பில் சிலர் கண்ணாடிக் கோபுரங்களைப் பற்றிக் கனவு கண்டிருப்பார்கள். கெரேயின் மனத்தில் இருந்தது ஒரே கட்டடம்.

* * *

காசு முடிச்சு

விடுமுறை முடிந்து ஊரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் சிறுவன் கெரே வீடு வீடாகப் போய் விடைபெற வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் துணி முடிச்சை அவிழ்த்துத் தங்களிடம் மிஞ்சியிருந்த காசை எடுத்து அவன் கையில் வைப்பார்கள். எல்லாம் வானத்தைப் பார்த்து விதைக்கிற குடும்பங்கள். அவர்கள் கையில் காசு புரள்வதே அபூர்வம்.

இவர்களுக்கு என்மேல் ஏன் இவ்வளவு பாசம் என்று அவன் அம்மாவிடம் கேட்டான். நீ படித்து வந்தால் ஒருநாள் இந்த ஊருக்கு நல்லது நடக்கும் என்று நம்பித்தான் கொடுக்கிறார்கள் என்றார் அம்மா.

பல வருடங்களுக்குப் பிறகு, உலகம் அறிந்த மேடைகளில் நின்றபோதும், கெரே இந்தக் கதையைத்தான் சொன்னார். அவருடைய கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் காற்றோட்டம், வெப்பத் தணிப்பு, உள்ளூர்ப் பொருள்கள் என்று தொடங்குவார்கள். நான் இந்தக் காசிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். அவர் வடிவமைத்த முதல் கட்டடத்தின் முதல் முதலீடு அதுதான். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற தவிப்பு இல்லாதிருந்தால், பெர்லினில் நல்ல சம்பளத்தோடு ஒரு அலுவலக மேசைக்குப் பின்னால் அவர் வாழ்க்கை நிம்மதியாகக் கழிந்திருக்கும்.

1998இல், படித்துக்கொண்டிருக்கும்போதே, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கான்டோவில் பள்ளி கட்டுவதற்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். சக மாணவர்களிடம் போய் நின்றார். காபிக்கும் சிகரெட்டுக்கும் செய்யும் செலவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அந்தப் பணத்தை என் ஊர்ப் பள்ளிக்குக் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தார்கள். பணம் சிறுகச் சிறுகச் சேர்ந்தது.

பட்டம் வாங்காத மாணவன், கையில் ஒரு வரைபடத்தோடு ஊருக்குத் திரும்பினான்.

* * *

"மண்ணா?"

ஊர் கூடியது. ஜெர்மனியிலிருந்து வந்த பிள்ளை பள்ளிக்கூடம் கட்டித் தரப்போகிறான் என்றதும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எதைக் கொண்டு கட்டப் போகிறான் என்று சொன்னதும் அந்த மகிழ்ச்சி அடங்கிப்போனது.

மண்.

கான்டோவில் எல்லா வீடும் மண்வீடுதான். மழைக்காலம் வந்தால் சுவர் கரையும். மழை ஓய்ந்ததும் ஊரே சேர்ந்து பூசி மெழுகும். சில வீடுகள் இடிந்தே விழும். இது வருடா வருடம் அவர்கள் கண்ணால் காண்கிற உண்மை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலிருந்து அரசாங்கம் கட்டிய பள்ளியும் அலுவலகமும் சிமென்ட் கல்லும் தகரக் கூரையுமாகத்தான் இருந்தன. அவை மழைக்கு நின்றன. கௌரவம் என்றால் சிமென்ட், வறுமை என்றால் மண். இதைக் கான்டோ மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வயலில் எங்களோடு வேலை செய்யாமல் இத்தனை வருடம் ஐரோப்பாவில் படித்தது இதைச் சொல்லத்தானா என்று ஊர் கேட்டது. அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பல தலைமுறைகளாக இடிந்த சுவர்களைத் தூக்கி நிறுத்தியவர்களின் கேள்வி அது. வெளியூரிலிருந்து வரும் நிபுணர்கள் இந்த இடத்தில்தான் பொதுவாகத் தவறு செய்கிறார்கள். மக்களுக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டுத் தாங்களே கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கெரே அந்த ஊர்க்காரர். அவருக்கு அந்த வசதி கிடையாது. நாளை அந்தச் சுவர் கரைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர் மட்டுமல்ல, அவர் அப்பாவும்தான்.

சிமென்ட் கல்லுக்கு அவர் ஏன் போகவில்லை? காரணங்கள் வலுவானவை. சிமென்ட் விலை அதிகம். வெளியிலிருந்து வர வேண்டும். பழுது பார்க்கவும் வெளியிலிருந்தே ஆள் வர வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், டெங்கோடோகோவில் அவர் உட்கார்ந்திருந்த அந்த வகுப்பறை. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் தேசத்தில், சிமென்ட் சுவரின் மேல் நேராகக் கவிழ்த்த தகரத்தின் அடியில் ஒரு பிள்ளை எப்படிப் படிக்கும் என்பதை அவர் உடம்பால் அறிந்திருந்தார். மண் சுவரோ வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும். பகல் சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஆகவே பிரச்சினை மண்ணில் இல்லை. மழையில் நனைகிற, கரையானுக்கும் தரை ஈரத்துக்கும் இரையாகிற மண்ணில்தான் இருந்தது. அந்த மண்ணை மாற்ற வேண்டும், பிறகு அதை நனையாமல் காக்க வேண்டும். இரண்டையும் ஊரார் கண்ணெதிரில், அவர்கள் கையாலேயே செய்து காட்ட வேண்டும்.

* * *

கையால் அழுத்திய கல்

வேலை 2000ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது.

முதலில் அஸ்திவாரத்துக்குக் கல் வேண்டும். லாரி வைத்து ஏற்றிவரப் பணமில்லை. ஊர்ப் பிள்ளைகள் கல் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். நாளை அந்த வகுப்பில் உட்காரப் போகிற பிள்ளைகள் அவர்கள்.

அடுத்து சுவருக்குக் கல். உள்ளூர் மண்ணைச் சலித்து, கொஞ்சம் சிமென்ட் கலந்து, அளவாகத் தண்ணீர் தெளித்துப் பிசைவார்கள். இரும்புப் பெட்டி போன்ற ஓர் இயந்திரத்தில் அதைப் போட்டு மூடி, நீண்ட கைப்பிடியை உடம்பின் எடை முழுவதையும் கொடுத்துக் கீழே இழுத்தால், மண் இறுகிக் கூர்மையான விளிம்புகளோடு கல்லாக வெளியே வரும். சூளை கிடையாது, விறகு கிடையாது. நிழலில் வைத்து, ஈரம் சட்டென்று காய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கலவைக்கான தண்ணீரைப் பெண்கள் சுமந்து வந்து கொட்டினார்கள்.

இப்படி மண்ணை அழுத்திக் கல்லாக்கும் கைப்பொறி முறை 1950களில் கொலம்பியாவில் உருவாகி உலகம் சுற்றியது. நம் பக்கத்தில் ஆரோவில்லில் இதே வகைக் கற்களால் கட்டிய கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். கான்டோவுக்கு அது புதிது. அவர்கள் அறிந்த மண்கல் கையால் பிடித்து வெயிலில் காயவைத்தது. விரலால் சுரண்டினால் உதிரும். பொறியிலிருந்து வந்த கல்லைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் கையிலேயே தெரிந்தது.

சுவர்கள் எழும்பின. மூன்று வகுப்பறைகள் ஒரே வரிசையில். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கூரை மட்டும் போட்ட திறந்தவெளி. அங்கே பாடமும் நடத்தலாம், பிள்ளைகள் விளையாடவும் செய்யலாம். அறைகளை ஒட்டி அடுக்காமல் விட்டதால் காற்று புகுந்து வெளியேற வழி கிடைத்தது.

தரை போடும் நாள் வந்தது. அதற்கு எந்தப் பொறியும் இல்லை. மண்ணைப் பரப்பி ஆண்கள் நின்றபடி திமிசுக் கட்டையால் அடித்துக் கெட்டித்தார்கள். பிறகு தாய்மார்கள் வந்து வரிசையாகக் குனிந்து, தண்ணீர் தெளித்து, மரப்பலகையால் தட்டிக்கொண்டே நகர்ந்தார்கள். மணிக்கணக்காக. அது முடிந்ததும் உட்கார்ந்து கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றும் வேலை. உள்ளங்கையை வைத்தால் வழுக்கும் அளவுக்குத் தேய்த்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டுத் தரைக்குச் செய்து பழகிய வேலை அது. வரைபடத்தில் அதற்கு ஒரு கோடு கூடப் போட முடியாது. அந்த இடத்தில் பெர்லின் படிப்பு கைகட்டி நிற்க, கான்டோவின் பெண்கள் ஆசிரியர்களானார்கள்.

ஊரின் சந்தேகம் எந்த நாளில் தீர்ந்தது என்று சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் இந்த வேலைகளில் கைவைத்த பிறகு இது 'ஃபிரான்சிஸின் பள்ளி' என்ற நிலை மாறிவிட்டது.

* * *

கூரை

இந்தக் கட்டடத்தின் உயிர் கூரையில் இருக்கிறது. இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தகரத்தைத் தவிர்க்க முடியாது. மழையிலிருந்து மண்சுவரைக் காக்க அதைவிட மலிவான பொருள் அந்தச் சந்தையில் இல்லை. ஆனால் தகரம் வெயிலில் கொதிக்கும். அந்தக் கொதிப்பு அப்படியே தலையில் இறங்கும். மழை பெய்தால் அந்த இரைச்சலில் வாத்தியார் குரல் முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது.

கெரே கூரையை இரண்டாகப் பிரித்தார். சுவரின் மேல் கான்கிரீட் உத்திரங்கள், அவற்றின் குறுக்கே இரும்புக் கம்பிகள், அந்தக் கம்பிகளின் மேல் அதே மண்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய ஓர் உட்கூரை. அதற்கு மேல், தொடாமல், நன்றாக உயர்த்தி, ஒரு குடையை விரித்ததுபோலத் தகரம். இரண்டுக்கும் நடுவில் காற்று ஓடும் திறந்த வெளி.

இப்போது வெயில் அடிக்கட்டும். தகரம் சூடாகும். அதன் அடியில் உள்ள காற்றும் சூடாகி எழும்பி வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, வகுப்பறையின் வெக்கைக் காற்று உட்கூரையின் இடைவெளி வழியாக மேலே போகும். ஜன்னல் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். பிள்ளையைச் சுட்ட அதே வெயில், பிள்ளைக்குக் காற்று இறைக்கிற வேலையைச் செய்யத் தொடங்குகிறது. மின்விசிறி வேண்டாம். மின்சாரமே இல்லாத ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தகரத்தின் ஓரங்கள் சுவரைத் தாண்டி நீண்டு நின்றதால் மண்சுவருக்கு நிழலும் கிடைத்தது, சாரலிலிருந்து காப்பும் கிடைத்தது.

இவ்வளவு பெரிய தகரத்தைத் தாங்கும் சட்டங்களுக்கு என்ன செய்வது? பெரிய இரும்பு உத்திரங்களைத் தொலைவிலிருந்து கொண்டுவரப் பணமில்லை. தூக்கி நிறுத்தக் கிரேன் இல்லை. கான்கிரீட்டுக்குள் வைத்துக் கட்டும் சாதாரணக் கம்பி கிடைக்கும். அதை வாங்கி, ரம்பத்தால் அறுத்து, சிறு வெல்டிங் இயந்திரத்தால் பற்றவைத்து, மெல்லிய கூரைச் சட்டங்களாகக் (டிரஸ்) கட்டினார்கள். ரம்பத்தையும் வெல்டிங்கையும் ஊர் இளைஞர்களுக்கு அங்கேயே சொல்லிக் கொடுத்தார் கெரே. ஆள் தூக்கக்கூடிய எடை, ஆள் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. கட்டடத்தின் ஒவ்வொரு முடிவும் இந்த இரண்டு அளவுகோல்களில் தேறியாக வேண்டியிருந்தது.

அழகுக்காக எதையும் சேர்க்கவில்லை. ஆனாலும் அந்தப் பள்ளியின் படத்தைப் பாருங்கள். செம்மண் நிறச் சுவர்கள் கனமாகத் தரையில் ஊன்றி நிற்க, அவற்றின் மேல் மெல்லிய கம்பிகளில் ஒரு தகடு லேசாக மிதக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நவீனக் கட்டடக் கலை தேடித் தேடிப் பிடிக்க முயன்ற கனமும் லேசும் இங்கே வறுமையின் கணக்கிலிருந்து பிறந்திருக்கின்றன. எனக்கு இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எந்தக் கோபுரத்தையும்விட இது பெரிதாகப் படுகிறது.

2001இல் பள்ளி முடிந்தது. மொத்தச் செலவு சுமார் 30 ஆயிரம் டாலர்.

மழைக்காலம் வந்தது. சுவர் நின்றது.

* * *

டெல்லியில் ஒரு மாலை

நல்ல பள்ளி என்று பெயர் பரவியதும் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஊரிலும் கூட்டு உழைப்பில் பள்ளி கட்டினார்கள். ஆசிரியர்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. கான்டோவில் தொழில் கற்ற இளைஞர்களை மற்றப் பொதுப்பணிகளுக்கும் அழைத்தார்கள். 30 ஆயிரம் டாலருக்கு மூன்று அறைகளோடு ஒரு தொழிற்படையும் கிடைத்திருந்தது.

அப்புறம் 2004 வந்தது. அந்த வருடம்தான் கெரேக்குப் பட்டம் கிடைத்தது. அதே வருடம் ஆகா கான் கட்டடக் கலை விருது அறிவிக்கப்பட்டது.

விருது விழா நடந்த இடம் நம் டெல்லி, ஹுமாயூன் கல்லறைத் தோட்டம். அந்த முறை விருது பெற்ற ஏழு பணிகளில் ஒன்று கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள்: 88 மாடி, 452 மீட்டர் உயரம், ஒரு காலத்தில் உலகிலேயே உயரமான கட்டடம். இன்னொன்று எகிப்தின் புதிய அலெக்சாந்திரியா நூலகம். இவற்றோடு ஒரே வரிசையில், கான்டோ ஆரம்பப் பள்ளி. தரைத்தளம் மட்டும். மூன்று வகுப்பறைகள்.

ஒரு மாணவனின் முதல் கட்டடம் அது. பிற்காலத்தில் அவர் பெற்ற எல்லாப் புகழுக்கும் திருப்புமுனை இந்த இடம்தான். அடுத்த ஆண்டே பெர்லினில் தன் பெயரில் அலுவலகம் திறந்தார். அழைப்புகள் வந்தன. 2017இல் லண்டனில் செர்பென்டைன் மண்டபம், 2022இல் கட்டடக் கலைக்கான மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர். 1979இல் தொடங்கிய அந்த விருதை ஓர் ஆப்பிரிக்கர் பெற்றது அதுவே முதல் முறை. இவற்றை எல்லாம் வரும் வாரங்களில் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

ஆனால் கான்டோவை அவர் விடவில்லை என்பதை இங்கேயே சொல்லியாக வேண்டும். ஆசிரியர்களுக்கு வீடுகள், 2008இல் பள்ளி விரிவாக்கம், பிறகு நூலகம் என்று ஊருக்கு ஒவ்வொன்றாக வந்தது.

நூலகத்தின் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர்ப் பெண்கள் வனைந்த மண்பானைகளைத் தலையில் சுமந்து வந்து கொடுத்தார்கள். பானையின் வாயையும் அடியையும் அறுத்து நீக்கினால் மிஞ்சுவது ஒரு மண் வளையம். அந்த வளையங்களைக் கூரையில் வரிசையாக வைத்துச் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றினார்கள். வட்ட வட்டமாக வெளிச்சம் உள்ளே விழுகிறது; சூடான காற்று அதே ஓட்டைகள் வழியாக மேலேறிப் போகிறது. தண்ணீரும் தானியமும் வைக்கும் பானை, புத்தகம் படிக்க வெளிச்சம் கொடுக்கும் என்று அந்தப் பெண்கள் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

* * *

அக்டோபர் 30

இனி வேறொரு நகரம், வேறொரு நெருப்பு.

2014 அக்டோபர் 30. தலைநகர் வாகடூகு. 27 வருடங்களாக ஆட்சியில் இருந்த அதிபர் பிளேஸ் கம்பாவோரே தன் பதவிக் காலத்தை இன்னும் நீட்டிக்க அரசியல் சட்டத்தைத் திருத்தப் பார்த்தார். நாடாளுமன்றத்தில் அன்று வாக்கெடுப்பு. காலையிலேயே மக்கள் வெள்ளம் தெருவை நிறைத்தது. காவல் வளையம் உடைந்தது. கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. கட்டடம் எரிந்தது.

மறுநாள் கம்பாவோரே பதவி விலகினார். நாட்டை விட்டு வெளியேறினார்.

கரி படிந்த அந்த இடத்தில் புதிய நாடாளுமன்றம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோது, வடிவமைக்கும் பொறுப்பு கான்டோவின் மகனிடம் வந்தது. 2016இல் வெனிஸ் கட்டடக் கலைக் கண்காட்சியில் அவர் தன் வடிவத்தை உலகத்துக்குக் காட்டினார்.

படிப்படியாக உயரும் ஒரு பிரமிடு. அதன் சரிவுகள் பொதுமக்களுக்கு உரியவை. யார் வேண்டுமானாலும் ஏறலாம், உட்காரலாம், உச்சியிலிருந்து நகரத்தைப் பார்க்கலாம். படிகளில் செடி வளர்க்கலாம். உறுப்பினர்கள் உள்ளே அமர்ந்து சட்டம் இயற்றும்போது குடிமக்கள் அவர்களின் தலைக்கு மேலே நடந்துகொண்டிருப்பார்கள். எரிந்த பழைய கட்டடம் இருந்த இடம், எழுச்சியில் உயிர்விட்டவர்களுக்கான நினைவுத் தோட்டமாகும்.

கான்டோவில் ஒரு ஊரை நம்பவைக்க அவருக்கு ஒரு மழைக்காலம் போதுமானதாக இருந்தது. வாகடூகுவில் அவர் நம்பவைக்க வேண்டியது அரசை. எழுச்சிக்குப் பின் தேர்தல் நடந்து புதிய அரசு வந்தது. ஆனால் வடக்கே ஆயுதக் குழுக்களின் தாக்குதல்கள் பெருகிக்கொண்டிருந்தன. 2022இல், கெரே பிரிட்ஸ்கர் விருது பெற்ற அதே ஆண்டில், இராணுவம் ஒருமுறை அல்ல, இருமுறை ஆட்சியைக் கைப்பற்றியது.

குடிமக்கள் தங்கள் தலைக்கு மேல் ஏறி நிற்கும்படியான ஒரு மன்றத்தை எந்த ஆட்சி கட்ட அனுமதிக்கும்?

(அடுத்த வாரம் தொடரும்)